இழுத்தும் சேராத மூலை

கட்டிங் டேபிளின் மேல் ஒரு மூலை மட்டும் திறந்து கிடந்தது. உள்ளங்கை அளவுதான்.

மற்றதெல்லாம் கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. மெரூன் நிறத்தில் ஒரு பெரிய சதுரம். அதன் வலப்பக்கத்திலும் அடியிலும் சாம்பல் நிறப் பட்டைகள். பட்டைகள் சந்திக்கும் இடத்தில் வெள்ளைச் சதுரங்கள், சின்னச் சின்னதாக. அந்த வெள்ளையில் ஒன்று குறைந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மிஷின் ஒன்றும் ஓடவில்லை. ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தோம்; அதன் அடியில் நுழைந்த வெயில் டேபிளின் கால் வரைக்கும் வந்து நின்றது. எதிரே என் மருமகள் சுமதி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பக்கத்தில் எங்கள் கட்டிங் மாஸ்டர் காதர் பாய், வேலை இல்லாத நாளிலும் காதில் சாக்பீஸ் செருகிக்கொண்டு.

இரண்டு பேரும் என் கையையே பார்த்தார்கள்.

நான் அந்த மூலையைப் பார்த்தேன். பனியன் துணியில் ஆயுசு கழித்தவள் என்ன செய்வாளோ, அதைச் செய்தேன்.

அது என்ன என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷ்

இதுவரை இந்தப் பக்கங்களில் மிஷின், கரண்ட், சாயம், அவிநாசித் தேர் என்று எழுதிவந்தேன். இந்த வாரம் கணக்கு. வரவு செலவுக் கணக்கு இல்லை, பள்ளிக்கூடத்துக் கணக்கு. பயந்து பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். எனக்கே புரிந்தது.

நான் எழுத்துக்கூட்டி எழுதிவைப்பதை ஒற்றெழுத்து பார்த்து அனுப்புகிறவள் சுமதிதான். இந்த வாரம் அவளைப் பற்றியே எழுதுவதால், ஒற்றைத் தவிர வேறு எதையும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டேன். தொட்டாளா இல்லையா என்பது அச்சில் வந்தால்தான் தெரியும்.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. ஏன் அதோடு நின்றது என்பதில் கதை ஒன்றும் கிடையாது. அப்போது எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளைகள் படிப்பு அங்கேதான் நிற்கும். இங்கிலீஷில் தெரிந்த எழுத்து நாலு: எஸ், எம், எல், எக்ஸ். பனியன் கழுத்தில் வைத்துத் தைக்கும் லேபிளில் படித்தது. எக்ஸ் ஒன்று வந்தால் ஆள் பெருத்திருக்கிறான், இரண்டு வந்தால் இன்னும் பெருத்திருக்கிறான் என்று அர்த்தம். அந்த நாலு எழுத்தை வைத்துக்கொண்டு ராயபுரத்து வீட்டின் முன்னறையில் மிஷின் போட்டேன். இன்றைக்கு முதலிபாளையத்தில் சொந்தப் பனியன் யூனிட் ஓடுகிறது.

பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சிலர் எழுதுவார்கள். நான் பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

ரசம் ஊற்றும்போது போட்ட நிபந்தனை

சுமதி கணக்கில் பட்டம் வாங்கி, டீச்சர் படிப்பும் முடித்து எங்கள் வீட்டுக்கு வந்தவள். வந்ததிலிருந்து யூனிட்டின் ஆபீஸ் அவள் கையில். சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையர் வீடியோவில் வந்து முகத்தைச் சுளித்தால், அவனோடு இங்கிலீஷில் பேசிச் சிரிக்க வைத்து அனுப்புவாள். அவள் இருக்கும் தைரியத்தில் நான் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன்.

ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டில் ஆரம்பித்தாள்.

"அத்தை, அவிநாசி ரோட்டுல ஒரு ஸ்கூல்ல கணக்கு டீச்சர் வேணும்னு கேக்கறாங்க. திங்கக்கிழமை ஒரு வகுப்பு எடுத்துக் காட்டோணுங்களாமா. போயிட்டு வரட்டுங்களா?"

என் மகன் செந்தில் தலையைத் தூக்கவில்லை. இருந்த ரசத்தின் மேல் இன்னும் ரசம் ஊற்றிக்கொண்டான். அவனுக்கு முன்னாலேயே விஷயம் தெரியும் என்பதை அந்த ரசமே சொல்லிவிட்டது.

"ஏனம்மிணி, இங்க உனக்கு என்ன குறை?"

"குறை ஒண்ணுமில்லீங்க அத்தை. கணக்கு சொல்லிக் குடுக்கோணும்னு ஆசை. இப்படியே உட்டா படிச்சது மறந்துருமோன்னு இருக்குதுங்க."

"அப்ப ஆபீசுக்கு ஆரு? பையர் கூப்பிட்டா நானா இங்கிலீஷ் பேசறது?"

எனக்கு 'போகாதே' என்று சொல்ல வாய் வரவில்லை. நாலு பேர் காதில் விழுந்தால் மாமியார் கொடுமை என்பார்கள். அதனால் வேறு வழியில் போனேன்.

"என்ன கணக்கு எடுக்கப்போறே?"

"இருபடிக் கோவையைக் காரணிப்படுத்தறதுங்க. எக்ஸ், ஒய்னு ரெண்டும் கலந்து வர்றது."

"அதை எனக்குப் புரிய வையி. புரிஞ்சுட்டா போ. புரியலீன்னா இந்தப் பேச்சை உட்டுரோணும்."

செந்தில் இப்போதுதான் நிமிர்ந்தான். "ஏனுங்கம்மா, பத்தாவது பசங்களுக்கே அது வெளங்காதுங்க. உங்களுக்கு எப்படி..."

"அதனாலதாண்டா சொல்றேன்."

சுமதி முகம் வாடும் என்று எதிர்பார்த்தேன். அவள் சோற்றைப் பிசைந்தபடி, "சரிங்க அத்தை" என்றாள். எனக்கு அந்தச் 'சரி' பிடிக்கவில்லை.

அளவில்லாமல் வெட்டுவதா?

முதலில் ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினாள். எக்ஸ் தலையில் ஒரு குட்டி இரண்டு. கூட்டல் போட்டு ஐந்து எக்ஸ் ஒய். மறுபடி கூட்டல் போட்டு ஆறு ஒய், அதன் தலையிலும் ஒரு குட்டி இரண்டு. எக்ஸ் தெரிந்த எழுத்து என்பதால் தைரியமாகத்தான் இருந்தேன். இந்த ஒய் புதிது. கவட்டைக் குச்சியைத் தரையில் நட்டுவைத்த மாதிரி நின்றது.

"இந்த எக்ஸ் எத்தனை இஞ்சு?"

"அது தெரியாதுங்க அத்தை."

"இந்தக் கவட்டை?"

"அதுவும் தெரியாதுங்க."

"அளவே தெரியாம என்னத்தை அம்மிணி வெட்டறது?"

இதை நான் குறும்புக்குக் கேட்கவில்லை. எங்கள் தொழிலுக்கு அளவுதான் உயிர். ஸ்மாலுக்கு ஒரு பேட்டர்ன், மீடியத்துக்கு ஒரு பேட்டர்ன், லார்ஜுக்கு ஒன்று. அட்டையில் தனித்தனியாக வெட்டி ஆணியில் மாட்டிவைப்போம். ராயபுரத்தில் இருந்தபோது ஒரு தடவை குழந்தைப் பனியன் ஆர்டர். கழுத்துப் பட்டி ஒரு விரல் அளவு குறைந்துவிட்டது. பார்த்தால் கண்ணுக்கே தெரியாது. போன இடத்தில் ஒரு குழந்தையின் தலையும் நுழையவில்லை! அத்தனை மூட்டையும் திரும்பி வந்து முன்னறையை அடைத்துக்கொண்டது. என் வீட்டுக்காரர் மூட்டைகளின் மேல் ஏறித்தான் வாசலுக்குப் போய் வந்தார். இறங்கும்போதெல்லாம், "தலை சின்னதா ஒரு ஊர் இருந்தா சொல்லு, அங்க அனுப்பிரலாம்" என்பார். அந்தச் சிரிப்பில் எனக்கு இஞ்சு டேப் கழுத்தோடு ஒட்டிக்கொண்டது. இன்றும் கோயிலுக்குப் போனால் கழற்ற மறந்துபோகும்.

அப்படிப்பட்டவளிடம் வந்து, அளவு தெரியாது, ஆனால் வெட்டலாம் என்றால்?

காகிதத்தைத் தள்ளிவைத்தேன். ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

மறுநாள் டீக்கு மிஷின்கள் நின்ற நேரத்தில் சுமதி ஒரு கூடைக் கட் பீஸோடு கட்டிங் டேபிளுக்கு வந்தாள். காதர் பாயிடம் என்னவோ சொன்னாள். அவர் கத்தரியை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அம்மா, எக்ஸெல் ஆர்டர் வெட்டியிருக்கேன், டபுள் எக்ஸெல் வெட்டியிருக்கேன். இந்த எக்ஸ் ஒய் எந்த நாட்டுக்குங்க போகுது?"

"உங்க ஊட்டுக்குத்தான். பேசாம வெட்டுங்க பாய்."

வெட்டியதை சுமதி டேபிளில் வைத்தாள். பெரிய மெரூன் சதுரத்துக்கு எந்தப் பக்கம் பார்த்தாலும் நீளம் ஒரு எக்ஸ். சாம்பல் பட்டைக்கு நீளம் எக்ஸ், அகலம் ஒய். வெள்ளைச் சதுரம் எல்லாப் பக்கமும் ஒய்.

"பெருசு ஒண்ணு, பட்டை அஞ்சு, சின்னது ஆறு. இதுதானுங்க அந்தக் காயிதத்துல எழுதியிருந்தது. இப்ப இது அத்தனையும் வெச்சு, துணி மிச்சம் உழாம, ஓட்டை உழாம, ஒரே செவ்வகமா அடுக்கோணுங்க."

இதைக் காகிதத்தில் ஏன் சொல்லவில்லை? துணியை மிச்சமில்லாமல் அடுக்குவது நான் நேற்று இன்று செய்யும் வேலையா!

மெரூனை நடுவில் வைத்தேன். வலப்பக்கம் நாலு பட்டையை நிறுத்தினேன், அடியில் ஒன்றைப் படுக்கவைத்தேன். மூலையில் நாலு வெள்ளைக்குத்தான் இடம். இரண்டு வெள்ளை கையில் மிஞ்சியது.

"ரெண்டு வேஸ்டுங்க" என்றார் பாய்.

கலைத்தேன். வலப்பக்கம் மூன்று, அடியில் இரண்டு. மூலையில் மூன்று மூன்றாக இரண்டு வரிசைக்கு இடம் விழுந்தது. ஆறு வெள்ளையும் உள்ளே போய் உட்கார்ந்தது. கடைசித் துண்டை வைத்தபோது கை தானாக நின்றுவிட்டது. ஓரம் நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது.

"இப்ப அகலம் என்னங்க அத்தை?"

"ஒரு எக்ஸு, மூணு கவட்டை."

"உசரம்?"

"ஒரு எக்ஸு, ரெண்டு கவட்டை."

"அதுதானுங்க காரணி. அந்த ரெண்டையும் பெருக்குனா இந்தத் துணி அத்தனையும் திரும்ப வந்துரும்."

சைஸ் இல்லாத பேட்டர்ன்

நான் லேசில் விடுகிறவள் இல்லை. "இந்த அளவுக்குச் சேந்துச்சு. உன்ற எக்ஸ் வேற அளவா இருந்தா?"

அவள் இதற்காகவே காத்திருந்தவள் போல பாயைப் பார்த்தாள். இந்தத் தடவை எக்ஸ் தோளில் போடும் துண்டின் அகலத்துக்கு, ஒய் தீப்பெட்டி அளவுக்கு. அதே மூன்று, அதே இரண்டு. சேர்ந்தது. அடுத்து எக்ஸும் ஒய்யும் கிட்டத்தட்ட ஒரே அளவு. அதுவும் சேர்ந்தது.

"கவட்டை எக்ஸை விடப் பெருசா இருந்தா?" என்றேன்.

"வெட்டிப் பாருங்க" என்று சிரித்தாள்.

பாய் வெட்டினார். மெரூன் மூலையில் பொட்டு மாதிரி ஒடுங்கிவிட்டது, வெள்ளை டேபிளையே அடைத்தது. பார்க்கக் கோமாளித்தனமாக இருந்தது. ஆனால் சேர்ந்தது. ஒரு நூல் இடைவெளி இல்லை.

நான் டேபிளை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தேன்.

என் ஆயுசு முழுக்க சைஸுக்கு ஒரு அட்டை வெட்டியிருக்கிறேன். இங்கே ஒரே ஒரு அடுக்கு. உலகத்தில் இதுவரை யாரும் வெட்டாத சைஸுக்கும் அது சேரும். முதலிபாளையத்திலிருந்து அவிநாசி வரைக்கும் ஒரு எக்ஸ் என்று வைத்து, ஒய்யைக் கடுகளவு என்று வைத்தாலும், மூன்று அந்தப் பக்கம், இரண்டு இந்தப் பக்கம். இதை யார் வெட்டி வைத்தது? முதல் நூல் நூற்பதற்கு முன்னாலேயே இது இப்படித்தான் இருந்திருக்கிறது. அளவு தெரியாததால் வெட்ட முடியாது என்று நான் சொன்னேனே, அளவு தெரியாததால்தான் இது எல்லா அளவுக்கும் சேருகிறது.

தேர் நிலையை விட்டு நகரும் முதல் கணத்தில் நெஞ்சுக்குள்ளும் ஏதோ நகரும் என்று முன்பு ஒரு வாரம் எழுதியிருந்தேன். அதேதான்.

காதர் பாய் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு மெதுவாக, "சுபஹானல்லா" என்றார்.

டீ ஆறிப்போய்விட்டது. யாரும் குடிக்கவில்லை.

நானே எடுத்த துணி

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். மறுநாள் சுமதிக்கு வகுப்பு. புரிந்துவிட்டது என்று நான் இன்னும் வாய்விட்டு ஒப்புக்கொள்ளவில்லை; என் நிபந்தனை நிபந்தனையாகவே இருந்தது. எனக்கும் அதை விட மனமில்லை. பேசிய பேச்சு பேச்சுதான்.

"நீங்களே ஒண்ணு போட்டுக் காட்டுங்க அத்தை. பெருசு ஒண்ணு, பட்டை ஏழு..."

"உன்ற கணக்கு வேண்டாம். நானே எடுக்கறேன்."

கூடையில் கைவிட்டேன். மெரூன் ஒன்று, பட்டை ஐந்து. வெள்ளையிலும் ஐந்து எடுத்தேன். ஐந்துக்கு ஐந்து என்றால் பார்க்க நன்றாக இருக்கிறதே. சுமதி வாயைத் திறந்தாள். பேசாதே என்று கையைக் காட்டினேன்.

நாலும் ஒன்றுமாகப் பட்டைகளை வைத்தால் ஒரு வெள்ளை மிஞ்சியது. ஐந்தையும் ஒரே பக்கம் வைத்தால் வெள்ளைக்கு இடமே இல்லை. மூன்றும் இரண்டுமாக வைத்தேன். ஒரு வெள்ளைக்கு இடம் காலி.

அந்த மூலைதான், முதலில் சொன்னது.

வெள்ளைத் துண்டுகள் ரிப் துணி. கழுத்துப் பட்டிக்குப் போடுவது. இழுத்தால் ரப்பர் மாதிரி வரும். துணி கொஞ்சம் குறைந்தால் அயர்ன் டேபிளில் இழுத்து ஆவி காட்டிச் சமாளிப்பது எங்கள் தொழிலில் தெரியாத ஆள் இல்லை. ஒரு துவைப்பில் அது தன் அளவுக்கே திரும்பிவிடும். அதற்குள் பெட்டி கப்பல் ஏறியிருக்கும்.

பக்கத்து வெள்ளையை மூலைக்கு இழுத்தேன். திரும்பச் சுருங்காமல் இருக்கக் கத்தரியைத் தூக்கி மேலே வைத்தேன். மூலை வெள்ளையாக நிறைந்தது.

"முடிஞ்சுது. எக்ஸும் மூணு ஒய்யும் அகலம், எக்ஸும் ரெண்டு ஒய்யும் உசரம். எப்படி?"

பாய் மேலே ஓடும் மின்விசிறியைப் பார்த்தார். "அம்மா கை பட்டா எதுவும் சேந்துருமுங்க" என்றார்.

சுமதி அந்தக் கத்தரியையே பார்த்தாள்.

அவள் நிலைமையை யோசித்துப் பாருங்கள். 'வந்துருச்சுங்க அத்தை' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மாமியாருக்குப் புரிந்துவிட்டது என்று ஆகிவிடும். நான் போட்ட நிபந்தனை என் வாயாலேயே தீர்ந்துவிடும். மறுநாள் காலையில் பஸ் ஏற வேண்டியதுதான். அந்த மூலைக்குக் காவலுக்கு யார் வரப்போகிறார்கள்?

அவள் வந்து கத்தரியைத் தூக்கினாள்.

வெள்ளைத் துணி மெல்ல மெல்லத் தன் அளவுக்கு ஒடுங்கியது. மூலை மறுபடி திறந்தது.

"இது சேராதுங்க அத்தை."

"சேத்துட்டனே!"

"இழுத்திருக்கீங்க."

"அப்ப வேற மாதிரி அடுக்கு. உனக்குத் தெரியும்ல?"

"எப்படி அடுக்குனாலும் சேராதுங்க. கூட்டுனாலும் அஞ்சு வரோணும், பெருக்குனாலும் அஞ்சு வரோணும். அப்படி ரெண்டு முழு எண்ணு கிடையாதுங்க."

"எங்கயுமே கிடையாதா?"

"எங்கயும் இல்லீங்க."

"அப்ப எனக்குப் புரியலீன்னு சொல்றே."

அவள் உதட்டைக் கடித்தாள். துணியின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை. "போக வேண்டாம்னா போகலீங்க அத்தை. ஆனா இதைச் சரின்னு நான் சொல்ல முடியாதுங்க."

பாய் பார்வையை மின்விசிறியிலிருந்து இறக்கி என் முகத்தைப் பார்த்தார்.

எனக்குக் கோபம் வந்தது உண்மை. கலைத்துவிட்டு மறுபடி அடுக்கினேன். நாலும் ஒன்றும். மூன்றும் இரண்டும். பட்டையைத் திருப்பி, மெரூனை இடம் மாற்றி, மேலிருந்து கீழாக. மிஞ்சியது, அல்லது குறைந்தது. சாயப்பட்டறைக்காரனைத் திட்டி வழிக்குக் கொண்டுவந்திருக்கிறேன். கரண்டு ஆபீசில் போய் உட்கார்ந்து லைன் வாங்கியிருக்கிறேன். இந்த ஊரில் கொஞ்சம் இழுத்துப் பிடித்தால் நகராதது எதையும் நான் பார்த்ததில்லை. உள்ளங்கை அளவு இடம், அது நகரவில்லை. ஆறு வெள்ளை எல்லாச் சைஸிலும் எப்படிச் சேர்ந்ததோ, அதே மாதிரி ஐந்து வெள்ளை எந்தச் சைஸிலும் சேராது. யாருக்காகவும் சேராது. எதிரே நிற்கும் பெண்ணின் வேலைக்காகவும் சேராது. அது தெரிந்துதான் அவள் கத்தரியைத் தூக்கினாள்.

நான் டேப்பைக் கழற்றி டேபிளில் வைத்தேன்.

"பாய், அந்தக் காடாத் துணியை எடுங்க."

"எதுக்குங்கம்மா?"

"பனியன் துணியை ஸ்கூலுக்குக் கொண்டுபோனா பசங்க இழுப்பாங்க, என்னை மாதிரியே. இழுபடாத துணியில வெட்டுங்க. பெருசு ஒண்ணு, பட்டை அஞ்சு, சின்னது ஆறு."

சுமதி அசையவில்லை. "அத்தை..."

"நின்னுட்டு இருக்காதே அம்மிணி, சாயம் வேற போடோணும். நாளைக்குக் காலையில எத்தனை மணிக்குப் பஸ்ஸு?"

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னவோ மணி சொன்னாள். எனக்குக் காதில் ஏறவில்லை. நான் காடாவை விரித்துக்கொண்டிருந்தேன்.

டேபிள் டிராயரில்

சுமதி இப்போது அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் இருக்கிறாள். பையர் வீடியோவில் வந்தால் செந்தில் பேசுகிறான். அவன் இங்கிலீஷைக் கேட்டு எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஆர்டர் என்னவோ வருகிறது.

அந்த ஐந்து வெள்ளையை மட்டும் நான் கூடையில் போடவில்லை. மெரூனோடும் பட்டைகளோடும் சேர்த்து கட்டிங் டேபிள் டிராயரில் வைத்திருக்கிறேன். டீக்கு மிஷின்கள் நிற்கும்போது சில நாள் எடுத்துப் பரப்புவேன். காதர் பாய் ஒன்றும் கேட்பதில்லை. டீயை டேபிளின் அந்தக் கோடிக்கு நகர்த்திக்கொள்வார்.

மூன்று அந்தப் பக்கம், இரண்டு இந்தப் பக்கம். மூலை திறந்தே கிடக்கிறது, ஒரு ஒய் அகலம், ஒரு ஒய் உயரம். பழக்கத்தில் கை அந்தப் பக்கம் போகும். பக்கத்து வெள்ளையைத் தொடும். அதற்கு மேல் போவதில்லை.